டிரஸ்ட் எந்தச் சொத்துக்கு?

கேள்வி: நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மகன் மான்செஸ்டரில் படித்தபோது என் கணவர் பெயரில் அங்கே ஒரு ஃபிளாட் வாங்கினோம். இன்று 400,000 பவுன் பெறும். மகன் பதினான்கு வருடமாக அங்கேயே வேலை செய்கிறான். மகள் எங்களோடு இருக்கிறாள். இங்கே வீடும் சேமிப்பும் உண்டு. "உயிலில் டிரஸ்ட் வைத்தால் பிரிட்டன் வாரிசு வரி 40 விழுக்காடு வராது" என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். ஃபிளாட்டை அப்படி வைக்கலாமா?

பதில்: பணம் கட்டும் முன்பே கேட்டீர்களே அம்மா, நிம்மதியாக இருக்கிறது. டிரஸ்ட் என்பது, பிள்ளைகளுக்கான சொத்தை அறங்காவலர் என்ற பொறுப்பாளரிடம் ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடு.

மலேசியாவில் இருந்த மரண வரியை 1991 நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். அதனால் பட்டர்வொர்த் வீட்டை நினைத்து இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை. ஃபிளாட் கதை வேறு. சொந்தக்காரர் எந்த நாட்டில் குடியிருந்தாலும், பிரிட்டனில் உள்ள சொத்துக்கு அந்த நாட்டு வரி உண்டு. 325,000 பவுன் வரை வரியில்லை, அதற்கு மேல் 40 விழுக்காடு.

ஐயா நேராகப் பிள்ளைகளுக்கு எழுதினால் மீதி 75,000 பவுனுக்கு வரி 30,000. அறங்காவலர் விருப்பப்படி பிரித்துக் கொடுக்கும் டிரஸ்டில் போட்டாலும் அதே 30,000தான். அப்புறம் பத்து வருடத்துக்கு ஒருமுறை, வரம்பைத் தாண்டிய மதிப்புக்கு 6 விழுக்காடு வரை தனி வரியும் வரலாம். மாறாக, உங்கள் பெயருக்கே எழுதினால், நீங்கள் இருவரும் அங்கே நீண்டகாலம் குடியிருந்தவர்கள் அல்ல என்பதால் ஒரு காசும் வரி இல்லை. அவர் பயன்படுத்தாத வரம்பும் உங்களோடு சேரும். உங்களுக்குப் பிறகு 650,000 பவுன் வரை பிள்ளைகள் வரியில்லாமல் பெறலாம். வரம்பு இப்படிச் சேரும் வழி 2007 அக்டோபரில் வந்தது. அதற்கு முன் கணவரின் வரம்பு வீணாகாமல் இருக்க உயிலில் டிரஸ்ட் வைப்பது அங்கே வழக்கம். அந்தப் பழைய பாடத்தைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, டிரஸ்டே வேண்டாமா? வேண்டும், ஆனால் இங்குள்ள சொத்துக்கு. 2025 ஏப்ரல் 6 முதல், கடந்த இருபது வரி ஆண்டுகளில் பத்து ஆண்டு பிரிட்டனில் இருந்தவருக்கு உலகம் முழுக்க உள்ள சொத்தும் வாரிசு வரிக் கணக்கில் வரும். உங்கள் மகன் அந்தக் கணக்கில் வந்துவிட்டார். பட்டர்வொர்த் வீட்டில் பாதியை அவர் பெயருக்கே எழுதினால், நாளை அவர் காலத்துக்குப் பிறகு, பினாங்கில் கிடக்கும் அந்தப் பங்குக்கும் பேரப்பிள்ளைகள் 40 விழுக்காடு கட்ட நேரலாம். மகன் பங்கை உயில்வழி டிரஸ்டில் வைத்தால், அது பிரிட்டனுக்கு வெளியே உள்ள சொத்தாக இருக்கும்வரை அவர் சொத்துக் கணக்கில் சேராது. மகனை மட்டும் அறங்காவலராக்காதீர்கள். டிரஸ்டே பிரிட்டனில் குடியிருப்பதாகிவிடும், அங்கே வருமான வரியும் கூடவே வரும். மகளையோ இங்குள்ள ஓர் அறங்காவலர் நிறுவனத்தையோ வையுங்கள். மகன் கைக்கு வரும் பணத்துக்கு அங்கே வருமான வரி உண்டா என்பதையும் லாயரிடம் கேட்டுவிடுங்கள்.

ஃபிளாட்டுக்கு அங்கே தனி உயில் எழுதும்போது முதல் வரிகளை நிதானமாகப் படியுங்கள். "இதற்கு முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்று அச்சடித்த வாசகம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அப்படியே கையெழுத்துப் போட்டால் இங்கே எழுதிய உயில், டிரஸ்டோடு சேர்ந்து போய்விடும். "பிரிட்டன் சொத்துக்கு மட்டும்" என்று திருத்தச் சொல்லுங்கள்.

சாட்சி இருவரும் வெளியாட்களாக இருக்கட்டும். உயிலில் பங்கு பெறுபவரோ அவர் கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் நிற்கும், அந்தப் பங்கு போய்விடும். மருமகள் விடுமுறைக்கு வந்திருக்கும்போது கையெழுத்து வைத்தால், வீட்டில் இருக்கிறாளே என்று பேனாவை அவளிடம் கொடுத்துவிடாதீர்கள்.