கார் வீட்டு வாசலுக்கு வந்து சேர எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

இலங்கையில் 2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான்: “ஏஜன்ட் சொன்ன விலை சரியா?” அதனால் இம்முறை கார் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். தென்னை வண்டு, காணி உறுதி கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த முறை.

ஜப்பானிலிருந்து 660 சிசி கார் ஒன்று எடுக்க மூன்று ஏஜன்டுகளிடம் விலை கேட்டேன். இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே தொகை. மூன்றாமவர் நான்கு லட்சம் குறைத்து, “எல்லாம் சேர்த்துத்தான், யோசிக்காதீங்க” என்கிறார். அப்பா அவரிடமே எடு என்கிறார். எடுக்கலாமா அண்ணா?
– வாசகர், உப்புவெளி

தம்பி, அந்த மூன்றாமவர் ஏமாற்றுகிறார் என்று இங்கே இருந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நான்கு லட்சம் எங்கே குறைந்தது என்று உட்கார்ந்து பார்த்தால், அது ஒளிந்துகொள்ள அதிக இடமில்லை.

முதலில் வரி. மொத்தத்தில் பெரும் பங்கை விழுங்குவது அதுதான், அது ஏஜன்டுக்கு ஏஜன்ட் மாறாது. எக்சைஸ் தீர்வையை எஞ்சினின் சிசியைப் பார்த்துப் போடுகிறார்கள், மின்சாரக் கார் என்றால் மோட்டாரின் கிலோவாட்டையும் வயதையும் பார்த்து. அதற்கு மேலே சுங்கத் தீர்வை, 18 வீத வற் என்று அடுக்கிக்கொண்டே போகும். “என்னிடம் எடுத்தால் வரி குறையும்” என்று ஒருவர் சொன்னால், இன்வொய்ஸில் விலையைக் குறைத்துக் காட்டப் போகிறார் என்றுதான் அர்த்தம். பிடிபட்டால் இறக்குமதியாளர் என்ற இடத்தில் உன் பெயர்தான் இருக்கும், அவர் பெயர் இருக்காது.

அடுத்தது கப்பல் கூலி. காரைக் கப்பலுக்குள் ஓட்டி ஏற்றுகிற ரோ-ரோ முறையில் கூலியைப் பெரும்பாலும் கனமீற்றர் கணக்கில்தான் போடுகிறார்கள், அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டியதுதான். நீ கேட்கிற 660 சிசி போன்ற சின்னக் காரை ஜப்பானில் கேய் வகை என்பார்கள், அது 3.4 மீற்றர் நீளத்தையும் 1.48 மீற்றர் அகலத்தையும் தாண்டக்கூடாது என்பது அவர்கள் சட்டம். சுசுகி வாகன் ஆர் மாதிரி ஒன்றைப் பெருக்கினால் எட்டேகால் கனமீற்றர் வரும், அதைவிடப் பெரிய ஹொண்டா வெசல் கார் மாதிரி ஒன்று பன்னிரண்டைத் தாண்டும். ஒரே கார், ஒரே துறைமுகம் என்றால் மூன்று ஏஜன்டுக்கும் இந்தக் கூலி பெரிதாக வித்தியாசப்பட நியாயமில்லை. விற்பவருக்குக் காசு கிடைக்கும் என்று வங்கி கொடுக்கிற உறுதிக் கடிதமான எல்சியைத் திறக்கும் செலவும் அப்படித்தான்.

அப்போ மிச்சம் இருப்பது இரண்டே இடம். ஒன்று கார். ஜப்பானில் ஏஜன்ட் கார் எடுப்பது ஏலத்தில், அங்கே காரைப் பரிசோதித்துத் தரம் போடுவார்கள். 4.5 என்ற நல்ல தரம் போட்ட காரும் ஆர் தரம் போட்ட காரும் படத்தில் ஒரே மாதிரித்தான் மினுங்கும். ஆர் என்றால் விபத்தில் அடிபட்டுத் திருத்தியது. அந்தத் தரம் எழுதிய ஏலத்தாளைக் கேட்டு வாங்கு, ஜப்பானிய எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஏலம் கேட்பதற்கு முன்பே கேள், எடுத்த பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை. தாளைக் காட்டத் தயங்குகிற ஆளிடம் மேற்கொண்டு கதைக்கவே வேண்டாம்.

மற்றது, இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிற செலவு. ஜப்பானுக்குள் ஏல இடத்திலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் கூலி, ஏற்றுமதிக்கு முந்திய பரிசோதனைச் சான்றிதழ், இங்கே துறைமுகத்திலிருந்து எடுக்கும் கிளியரிங் கூலி, நாள் கடந்தால் ஏறும் துறைமுக வாடகை, திருகோணமலைக்கு ஏற்றிவரும் லொறி, பதிவுச் செலவு. “எல்லாம் சேர்த்து” என்ற வாய்வார்த்தைக்குள் இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று அவர் கையால் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல். எழுதித் தந்து, கூட்டிப் பார்த்தும் தொகை குறைவாகவே இருந்தால், சரி, உனக்கு நல்ல ஏஜன்ட் கிடைத்திருக்கிறார், அப்பா சொன்னதைக் கேள்.

இன்னொன்று. மற்ற இரண்டு பேரில் யாராவது “இது இன்றைய யென் விலைக்கு, சுங்கம் வெளியிடுகிற நாணய மாற்று வீதம் மாறினால் இந்தத் தொகையும் மாறும்” என்று சொல்லியிருந்தால் அவரைப் பயந்தவர் என்று தள்ளிவிடாதே. கார் வந்து இறங்க மாதங்கள் ஆகும், அதுவரைக்கும் ஒரு ரூபாய்கூட அசையாது என்று சத்தியம் செய்பவரை விட அவர் எனக்கு நம்பிக்கையானவர்.

உலகத்திலேயே பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு, காரை அம்பாந்தோட்டையில் இறக்கி லொறிக்கு வேறு காசு கொடுக்கிறோமே, இது என்ன நியாயம்?
– வாசகர், சீனக்குடா

ஆழம் இருந்தால் மட்டும் கார்க் கப்பல் வராது ஐயா. நம்முடைய திருகோணமலைத் துறைமுகத்தில் நடப்பது மொத்தச் சரக்கு: பிறீமா மா ஆலைக்குக் கோதுமை, டோக்கியோ சீமெந்துக்கு மூலப்பொருள், உங்கள் பக்கத்து எண்ணெய்த் தாங்கிகளுக்கு எரிபொருள். கார்க் கப்பல் பஸ் மாதிரி வரிசையாகத் துறைமுகங்களைத் தொட்டுக்கொண்டு ஓடுவது, ஒரு இடத்தில் நிற்க அதற்கு அங்கே நிறையக் கார் ஏறி இறங்க வேண்டும். அம்பாந்தோட்டை 2012இல் இருந்து அந்த வேலையைச் செய்கிறது, அங்கே இறங்குகிற கார்களில் பெரும்பாலானவை வேறு நாட்டுக்குக் கப்பல் மாறிப் போகிறவை. நமக்காக வருகிற சில கார்களை இறக்க ஒரு கப்பலை இந்தப் பக்கம் திருப்பினால் அந்தச் செலவும் காரின் தலையில்தான் விழும். கவலையாகத்தான் இருக்கிறது, ஆனால் லொறிக் கூலி அதைவிட மலிவு.

அம்பாந்தோட்டையிலிருந்து காரைக் கொண்டுவர ஒரு கெரியர்காரரிடம் பேசினேன். மற்றவர்களைவிடக் குறைவாகச் சொன்னார், வியாழன் வரும் என்றார். அடுத்த புதன்தான் வந்தது. அதுவும் வீட்டுக்கு வராமல் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டு, வந்து எடுங்கள் என்றார். கூலியில் கழிக்கலாமா?
– வாசகர், கிண்ணியா

என்ன எழுதி வாங்கினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. போனில் பேசியது மட்டும் என்றால் கழிப்பது கஷ்டம், தம்பி, சண்டைதான் மிஞ்சும்.

இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் அந்தக் குறைந்த விலையும் அந்தப் பிந்தலும் ஒரே காரணத்தால் வந்தவை என்பது விளங்கும். லொறி உங்கள் ஒரு காரோடு கிண்ணியா வரைக்கும் வந்து வெறுமையாகத் திரும்பினால், போக வர இரண்டு பக்க டீசலும் டிரைவரின் சம்பளமும் உங்கள் கணக்கில்தான் விழவேண்டும். குறைத்துச் சொல்கிறவர், இந்தப் பக்கம் வர இன்னொரு கார் கிடைக்கும், திரும்பும்போது ஏதாவது ஒரு சுமை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சொல்கிறார். கிடைக்கும்வரை உங்கள் கார் யார்டில் நிற்கும். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, மற்றவர்களோடு சேர்த்து ஏற்றினால் மலிவு, பிந்தும். பிழை என்னவென்றால், அதைச் சொல்லாமல் வியாழன் என்று வாக்குக் கொடுத்தது. நேர்மையான ஆள் “வியாழனுக்கும் அடுத்த வியாழனுக்கும் இடையில்” என்றிருப்பார், நீங்களும் அவரை விட்டுவிட்டு வியாழன் என்று சொன்னவரிடம் போயிருப்பீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

நாள் முக்கியம் என்றால் “என் காரை மட்டும், இந்தத் தேதிக்கு” என்று கேட்டு முழு லொறிக்கும் காசு கொடுக்க வேண்டும். அப்போதும் ஒரு நாள் முன் பின் விடுங்கள். ஹபரணை – கந்தளாய் ரோட்டில் இரவில் யானைக்குப் பயந்து லொறியை ஓரம் போட்டுவிட்டு விடியக் கிளம்புகிற டிரைவர் கெட்டிக்காரர், அவரை அவசரப்படுத்தக் கூடாது. கார்த்திகை, மார்கழி மழையில் மட்டக்களப்புப் பக்கத்தால் வருகிறவர்களுக்கு வெருகலில் தண்ணீர் என்றால் அதற்கு யாரும் பொறுப்பில்லை.

வீட்டு வாசல் விஷயத்தில் நான் கெரியர்காரர் பக்கம். நம் ஒழுங்கைகளில் அந்த லொறி எப்படித் திரும்பும், மேலே கிடக்கிற வயருக்குக் கீழால் எப்படிப் போகும்? எந்தச் சந்தியில் இறக்குவது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள்.

கூலியைக் கழிப்பதை விடுங்கள், நீங்கள் காரைச் சரியாகப் பார்த்து எடுத்தீர்களா? ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் படம், மீட்டர் எண், பெற்றோல் அளவு, ஸ்பெயார் டயர், ஜக், இரண்டாவது சாவி, நவிகேஷன் மெமரி காட். ஜப்பான் காரில் காணாமல் போவது அந்தக் காட்தான், அது இல்லாவிட்டால் பாட்டுப் பெட்டியே வேலை செய்யாத கார்களும் உண்டு. “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்ற தாளில் இரவு பத்து மணிக்கு டோர்ச் வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு விடிய கீறலைக் கண்டால் யாரிடமும் கேட்க ஏலாது.

கடல் காப்புறுதி விலைக்குள்ளேயே இருக்கிறது, வேறு ஒன்றும் தேவையில்லை என்கிறார் ஏஜன்ட். நம்பலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓர்ஸ்ஹில்

இருக்கும் ரீச்சர், ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. சிஐஎப் விலை, அதாவது காரின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த விலை என்றால் விற்பவர் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும், ஆனால் வணிக விதிப்படி அவர் எடுக்கக் கடமைப்பட்டது ஆகக் குறைந்த ‘சி’ வகை. கப்பல் தீப்பிடித்தால், மூழ்கினால், தரைதட்டினால் காசு வரும். கதவில் கீறல், உடைந்த லைட், களவு போன பொருள் இவற்றுக்கு வராது. இவற்றையும் பார்க்கிற ‘ஏ’ வகைக்கு எவ்வளவு கூடும் என்று கேளுங்கள், காரின் விலையோடு பார்க்கும்போது அது சின்னத் தொகை.

‘சி’ என்றாலும் ஒன்று இருக்கத்தான் வேண்டும். 2024 மார்ச் 26இல் அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தை இடித்த ‘டாலி’ கப்பல் நம்முடைய கொழும்புக்குத்தான் வந்துகொண்டிருந்தது. பிறகு கப்பல்காரர்கள் ‘ஜெனரல் அவரேஜ்’ அறிவித்தார்கள். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவை, சேதமே ஆகாத சரக்கின் சொந்தக்காரரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும் என்பது கடல் வாணிபத்தின் மிகப் பழைய வழக்கம். கட்டாமல் சாமானை எடுக்க விடமாட்டார்கள். காப்புறுதி இருந்தால் அந்தப் பங்கைக் காப்புறுதிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ஒரு கீறல்கூட இல்லாத உங்கள் காருக்கு நீங்கள் கையால் கட்டவேண்டும்.

கனடாவில் இருக்கும் அண்ணா தன் காரை எனக்கு அனுப்புகிறேன் என்கிறார். கப்பல் கூலி எவ்வளவு வரும்?
– வாசகி, நிலாவெளி

கூலியைக் கேட்கவே வேண்டாம் தங்கச்சி. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், அந்தக் காரை இங்கே இறக்க விடமாட்டார்கள். இலண்டனில் யாரும் இருந்தால் ஸ்டியரிங் பிரச்சினை இல்லை, ஆனால் தயாரித்து மூன்று வருடத்துக்கு மேலான கார் என்றால் அதுவும் முடியாது. அண்ணாவிடம் காசாக அனுப்பச் சொல்லுங்கள்.

மகளுக்குத் தையில் கல்யாணம். இப்போது ஓடர் கொடுத்தால் 45 நாளில் கார் கையில் என்று ஏஜன்ட் சொல்கிறார். நம்பி இருக்கலாமா?
– வாசகர், தம்பலகாமம்

45 நாள் என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால். கப்பல் கடலில் ஓடுவது இரண்டு, மூன்று வாரம்தான். அதற்கு முன்னே ஏலத்தில் உங்களுக்குப் பிடித்த கார் பிடித்த விலைக்கு விழ வேண்டும், வங்கி எல்சி திறக்க வேண்டும், பரிசோதனை முடிய வேண்டும், பிறகு இடமுள்ள கப்பலுக்காகக் கார் யொகோஹாமாவிலோ நாகோயாவிலோ வரிசையில் நிற்க வேண்டும். ஒரு கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை காத்திருப்புத்தான். இங்கே இறங்கிய பிறகு ஒரு தாள் குறைந்தாலும் சுங்கத்தில் நிற்கும், அப்புறம் லொறி, பதிவு. பதிவுக்கு வரி அடையாள இலக்கம் கேட்பார்கள், அதை இப்போதே எடுத்து வையுங்கள். இறங்கிய காரை 90 நாளுக்குள் பதியாவிட்டால் தண்டம் வேறு.

மூன்று, நான்கு மாதம் என்று மனதில் போட்டுக்கொண்டு ஓடர் கொடுங்கள். கல்யாணத்துக்கு ஒரு வாடகைக் காரை இப்போதே சொல்லி வையுங்கள், தை பிறந்தால் அதுவும் கிடைக்காது.