கேலக்ஸி லென்சிங் படிச்சா சோறு கிடைக்குமா?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "மக கிரேட் 10 படிக்கிறா. தூரத்து கேலக்ஸி வெளிச்சத்த கிட்ட இருக்கிற கேலக்ஸி வளைக்குதாம், அதத்தான் ஆராய்ச்சி பண்ணுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. டர்பன்ல இருந்துக்கிட்டு இதுக்கெல்லாம் வழி இருக்கா, வேலை கிடைக்குமா?"

வழி இருக்கு அக்கா. ஆனா மொதல்ல அவ எடுத்திருக்கிறது முழுக் கணக்குப் பாடமான கோர் மேத்ஸா இல்ல அன்றாடக் கணக்கு மட்டும் இருக்கிற மேத்ஸ் லிட்டரசியான்னு பாருங்க, லிட்டரசின்னா இந்த வாரமே ஸ்கூல்ல போய் பேசிடுங்க, அத வச்சிக்கிட்டு பிஎஸ்சி பிசிக்ஸ் பக்கம் போக முடியாது. பிசிக்கல் சயன்சஸும் வேணும். அப்புறம் பிஎஸ்சி 3 வருஷம், ஆனர்ஸ் 1, மாஸ்டர்ஸ் 2, பிஎச்டி 3, 4 வருஷம் இழுக்கும். நம்ம குவாசூலு-நட்டால் யுனிவர்சிட்டி வெஸ்ட்வில் கேம்பஸ்லயே வானியல் ஆராய்ச்சி நடக்குது, கேப் டவுன்ல நாஸ்ப்னு வானியலுக்கான ஆனர்ஸ், மாஸ்டர்ஸ் ப்ரோக்ராம் 2003ல இருந்து ஓடுது. ஆனர்ஸ்ல இருந்து பர்சரிக்கு, அதாவது படிப்பு உதவித்தொகைக்கு, என்ஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி நிதி அமைப்புல கேளுங்க.

இப்ப வேலை எப்படின்னு சொல்றேன், ஏன்னா பிள்ளைங்க ராத்திரி முழுக்க டெலஸ்கோப்ல கண்ண வச்சிட்டு உக்காரலாம்னு நினைச்சிட்டு வருதுங்க, நெசத்துல பகல்ல லேப்டாப் முன்னாடி பைத்தான்ல கோடு எழுதறதுதான் பொழப்பு. படத்துல முன்னாடி நிக்கிற கேலக்ஸியோட வெளிச்சத்த கழிச்சு, மிச்சமிருக்கிற தூரத்து வெளிச்சத்தோட வளைவ வச்சு, முன்னாடி இருக்கிறதுக்கு எவ்வளவு எடை இருந்தா இப்படி வளையும்னு கணக்கு போடணும், கண்ணுக்குத் தெரியாத டார்க் மேட்டரும் அந்த எடைக்குள்ளதான் மாட்டும். பாதி நாள் வளைவுன்னு நினைச்சது வெறும் ஸ்பைரல், அதாவது சுருள் வடிவ கேலக்ஸியோட கையா இருக்கும், அன்னிக்கு டீ குடிச்சிட்டு அடுத்த படம்!

பொறுமை இருக்கான்னு பாருங்க. இப்படி வெளிச்சத்த வளைக்கிற கேலக்ஸிய லென்ஸ்னு சொல்வோம். 1979ல கண்டுபிடிச்ச முதல் லென்ஸ்ல ஒரே குவாசார், அதாவது ரொம்ப தூரத்துல பயங்கரமா ஜொலிக்கிற கேலக்ஸி மையம், ரெண்டா தெரிஞ்சுது, ரெண்டு பிம்பமும் வேற வேற பாதையில வர்றதால ஒரு பிம்பத்துல வெளிச்சம் மாறினா அடுத்ததுல எத்தன நாள் கழிச்சு மாறும்னு வருஷக்கணக்கா சண்டை, ஒரு கூட்டம் 500 நாளுக்கு மேலன்னுச்சு, கடைசியா 417 நாள்தான்னு முடிவாக 1990கள் ஆயிடுச்சு. அந்தத் தாமதத்த வச்சு பிரபஞ்சம் எவ்வளவு வேகமா விரியுதுன்னு அளக்கலாம்னு ரெஃப்ஸ்டால்ங்கிற விஞ்ஞானி 1964லயே எழுதிட்டாரு.

வேலைன்னு வந்தா, பிஎச்டிக்கு அப்புறம் 2, 3 வருஷ போஸ்ட்டாக்ங்கிற தற்காலிக ஆராய்ச்சி வேலை, பல பேருக்கு வெளிநாட்டுலதான். நிரந்தர இடம் ரொம்ப கம்மி, இத மறைச்சு சொல்றவங்கள நம்பாதீங்க. ஆனா அந்த கோடிங்கும் ஸ்டாட்டிஸ்டிக்சும் கையில இருந்தா பேங்க், இன்ஷூரன்ஸ்ல எடுத்துக்கிறாங்க, என்னோட படிச்சவங்கள்ல பாதிப்பேர் இப்ப அங்கதான், என்னவிட நல்ல சம்பளம். யூக்ளிட்ங்கிற விண்வெளி டெலஸ்கோப் 2023ல மேல போயிருக்கு, சிலியில ரூபின் டெலஸ்கோப்பும் வந்தாச்சு, ஆயிரக்கணக்கா லென்ஸ் வந்து கொட்டப் போகுது, அவ பிஎச்டிக்கு வர்றப்ப டேட்டாவுக்கு பஞ்சம் இருக்காது.

இன்னிக்கு ராத்திரி ஒண்ணு பண்ணுங்க, குத்துவிளக்க ஏத்தி வச்சிட்டு ஒரு வைன் கிளாசோட அடிவட்டம் வழியா சுடர பாக்கச் சொல்லுங்க, மெல்ல நகத்தினா, கேலக்ஸி வளைக்கிற மாதிரியே, ஒரு சுடர் ரெண்டாகும், வளையும், சரியான இடத்துல மோதிரமாவே ஆயிடும். அத பாத்துட்டு ஏன் இப்படி ஆகுதுன்னு அவளே கணக்கு போட உக்காந்தான்னா, தடுக்காதீங்க அக்கா.