"உங்கள் பெயரை வேறொருவர் கேட்கிறார்" என்று சொல்லி டொமைன் விற்பது நியாயமா?

மாட்டுங்காவில் காபித்தூள் கடை வைத்திருக்கும் உங்கள் மாமாவுக்கு, "கடைப் பெயரை டாட் ஷாப்பில் வேறொருவர் கேட்கிறார், இன்றே வாங்கிவிடுங்கள்" என்று போன் வந்ததாம்; இப்படி விற்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். புளுகு. டொமைன், அதாவது இணைய முகவரி, முந்திப் பணம் கட்டியவருக்குப் போகும்; கடைக்காரரைக் கூப்பிட்டு அனுமதி கேட்கும் வழக்கமே கிடையாது.

புது டொமைன் விற்பதில் தப்பில்லை, பயத்தை விற்பதில்தான் தப்பு. 2012-இல், இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐகான், புது நீட்சிகளுக்கு (டாட் ஷாப் போல முகவரியின் கடைசியில் வருபவை) கதவைத் திறந்தபோது 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. வணிகமுத்திரை வைத்திருப்பவர்களுக்கு முதலில் வாங்கும் சலுகைக் காலமும் வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2015-இல் டாட் சக்ஸ் ('படுமோசம்' என்று திட்டும் ஆங்கிலச் சொல்) என்ற நீட்சி வந்ததே, அது அந்தச் சலுகையையே காசாக்கியது: முத்திரைக்காரர்களுக்கு வருடம் 2,499 டாலர்! திட்டு வாங்காமல் இருக்கக் கப்பம் கட்டுகிற மாதிரி. ஐகானே அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் இதைப் பார்க்கச் சொன்னது.

இன்னொரு தந்திரம், முதல் வருடம் அடிமாட்டு விலை, புதுப்பிக்கும்போது பல மடங்கு. அதை முன்கூட்டியே சொல்லாத விற்பனையாளரை நான் நேர்மையானவர் என்று சொல்ல மாட்டேன்.

சரி, மாமா என்ன செய்யலாம்? டாட் காம், டாட் இன் இரண்டும் போதும். கடைப் பெயரை வணிகமுத்திரையாகப் பதிவு செய்யட்டும். அப்புறம் யாராவது கெட்ட நோக்கத்தோடு அதே பெயரைப் பிடித்தால், புகார் கொடுத்து மீட்க வழி இருக்கிறது.