மல்டிமீட்டரிலிருந்து சில நேரம் பழைய ரீடிங், சில நேரம் டைம்அவுட்: ரீட், ஃபெட்ச், மெஷர், இவற்றில் எதைப் பயன்படுத்துவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டெஸ்ட் லைனில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். பைத்தான் ஸ்க்ரிப்ட் ஒன்று லேன் கேபிள் வழியாக மல்டிமீட்டரிலும் ஸ்பெக்ட்ரம் அனலைசரிலும் (சிக்னலை அதிர்வெண் வாரியாகக் காட்டும் கருவி) ரீடிங் எடுக்கிறது. போர்டை மாற்றிய பிறகும் சில சமயம் முந்தைய போர்டின் மதிப்பே வருகிறது, சில சமயம் டைம்அவுட் ஆகிறது, அதாவது பதில் வருவதற்குள் காத்திருக்கும் நேரம் தீர்ந்துவிடுகிறது. "நடுவுல ஒரு விநாடி ஸ்லீப் போடு தம்பி, சரியாயிடும்" என்று சீனியர் அண்ணன் சொல்லியிருக்கிறார்.

ஸ்லீப், அதாவது ஸ்க்ரிப்டைச் சும்மா காக்கவைக்கும் வரி, போடாதீர்கள். இன்றைக்கு ஒரு விநாடி போதும் என்று தோன்றும். அடுத்த மாதம் யாராவது அனலைசரில் ரெசல்யூஷன் பேண்ட்விட்த்தை (அதிர்வெண்களை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்ற செட்டிங்) குறைப்பார்கள், ஸ்வீப் (அதிர்வெண் வரம்பை ஒரு முறை வருடுவது) மூன்று விநாடி ஓடும், பழைய மதிப்பு மறுபடி வரும். டைம்அவுட் வந்தால் லைன் நிற்கும், யாராவது வந்து பார்ப்பார்கள். பழைய மதிப்பு வந்தால் யாருக்கும் தெரியாது. பழுதான போர்டு முந்தைய நல்ல போர்டின் எண்ணோடு பாஸ் ஆகி வெளியே போய்விடும். இரண்டில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டால், பழைய மதிப்புக்குத்தான்.

நானும் சிங்கப்பூரில் இதே வேலையில்தான் இருக்கிறேன். லைனுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது, அளப்பது வேறு வேலை, அளந்ததைக் கேட்டு வாங்குவது வேறு வேலை என்பதைத்தான். எஸ்சிபிஐ கட்டளைகள் (அளவீட்டுக் கருவிகளோடு பேசும் பொது மொழி) இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றன. 'இனிஷியேட்' என்பது அளவீட்டைத் தொடங்கும். 'ஃபெட்ச்?' எதையும் அளக்காது. கடைசியாக எடுத்த அளவீட்டின் முடிவைக் கொடுக்கும், அளவீடு ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருந்து கொடுக்கும். 'ரீட்?' என்பது இனிஷியேட்டும் ஃபெட்ச்சும் சேர்ந்தது, ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்கும். 'மெஷர்?' அதற்கும் மேலே ஒரு 'கான்ஃபிகர்' (எதை எப்படி அளப்பது என்று அமைப்பது) சேர்ந்தது.

மெஷர் ஒரே வரியில் முடிகிறதே என்று எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அது ரேஞ்ச், ட்ரிகர் (அளவீட்டைத் தொடங்கவைக்கும் சைகை), ஆட்டோ ஜீரோ (மீட்டர் தன் பூஜ்யத்தைத் தானே திருத்திக்கொள்வது) என்று நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த செட்டிங்கை எல்லாம் தன் இயல்பு நிலைக்குக் கொண்டுபோய்விடும். பல மீட்டர்களில் உள்ளீட்டு மின்தடைகூட 10 மெகாஓமுக்குத் திரும்பிவிடும். உயர் மின்தடை உள்ள ஒரு புள்ளியில் மின்னழுத்தம் பார்க்கிறீர்கள் என்றால் அந்த ஒரு மாற்றமே ரீடிங்கை இறக்கிவிடும். மேசையில் உட்கார்ந்து ஒரு தடவை பார்ப்பதற்கு மெஷர் போதும். லைனுக்கு அது வேண்டாம். தொடக்கத்தில் ஒரு முறை கான்ஃபிகர், அதன் பிறகு உங்கள் செட்டிங் (இந்த வரிசை முக்கியம், கான்ஃபிகரும் செட்டிங்கை அழிக்கும்), பிறகு போர்டுக்குப் போர்டு ரீட். அவ்வளவுதான்.

ஃபெட்ச் தேவைப்படும் இடங்களும் உண்டு. டிசி-டிசி கன்வெர்ட்டரின் செயல்திறனைக் கணக்கிட மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் வேண்டும். ஒரு மீட்டருக்கு ரீட் அனுப்பி, பதில் வாங்கி, பிறகு அடுத்ததற்கு அனுப்பினால் அதற்குள் லோடு மாறியிருக்கும். இரண்டுக்கும் அடுத்தடுத்து இனிஷியேட் கொடுத்துவிட்டு, பிறகு நிதானமாக இரண்டிலிருந்தும் ஃபெட்ச் செய்யுங்கள். மிகத் துல்லியமாக ஒரே கணத்தில் அளக்க வேண்டுமென்றால் வெளி ட்ரிகர் கேபிள்தான் வழி. ஒரே அளவீட்டிலிருந்து பல முடிவுகள் எடுக்கவும் ஃபெட்ச் உதவும்.

இப்போது உங்கள் டைம்அவுட். பைவிசாவில் (பைத்தானிலிருந்து கருவிகளோடு பேச உதவும் நூலகம்) டைம்அவுட் இயல்பாக 2000 மில்லிவிநாடி. மீட்டர் ஒரு ரீடிங்குக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை பிஎல்சி தீர்மானிக்கிறது, அதாவது மின்சாரத்தின் எத்தனை சுழற்சி நேரம் அளக்க வேண்டும் என்ற கணக்கு. சிங்கப்பூரில் 50 ஹெர்ட்ஸ், எனவே 1 பிஎல்சி 20 மில்லிவிநாடி. 100 பிஎல்சி வைத்தால் 2 விநாடி. ஆட்டோ ஜீரோவும் ஓடினால் ஒவ்வொரு ரீடிங்குக்கும் ஒரு பூஜ்ய அளவீடு கூடுதலாக நடக்கும், மொத்தம் 4 விநாடி ஆகிவிடும். 2 விநாடியில் பைவிசா பொறுமை இழக்கிறது, கருவியின் மேல் எந்தத் தவறும் இல்லை. டைம்அவுட்டை அளவீட்டு நேரத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தைவானிலோ பிலிப்பைன்ஸிலோ உள்ள கிளைத் தொழிற்சாலையிலிருந்து ஸ்க்ரிப்ட் வந்திருந்தால், அதில் அளக்கும் நேரம் பிஎல்சியாக இல்லாமல் 16.67 மில்லிவிநாடி என்று நேராக எழுதப்பட்டிருக்கலாம். அங்கே 60 ஹெர்ட்ஸ், அது சரியாக ஒரு சுழற்சி. இங்கே அது ஒரு சுழற்சிக்கும் குறைவு, மின்வலை இரைச்சல் அப்படியே ரீடிங்கில் ஏறிவிடும்.

நீங்கள் இரண்டு பிரச்சினை என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரே பிரச்சினை. டைம்அவுட் ஆகும்போது கணினிதான் காத்திருப்பதை நிறுத்துகிறது. கருவி நிறுத்துவதில்லை. அது தன் வேலையை முடித்துப் பதிலை அனுப்பிவிடுகிறது. ஸ்க்ரிப்ட் பிழையை விழுங்கிவிட்டு அடுத்த போர்டுக்குப் போய் ரீட் அனுப்பினால், முதலில் கையில் கிடைப்பது முந்தைய போர்டின் பதில். அதிலிருந்து ஒவ்வொரு பதிலும் ஒரு போர்டு பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். ஜிபிஐபி (கருவிகளுக்கான பழைய இணைப்பு முறை) கேபிளிலோ யுஎஸ்பியிலோ இது நடந்தால், கருவிகள் பேசும் முறைக்கான ஐஇஇஇ 488.2 தரநிலையின் விதிப்படி கருவி பழைய பதிலை எறிந்துவிட்டு -410, 'கேள்வி குறுக்கிடப்பட்டது' என்ற பிழையைப் பதிவு செய்யும். நீங்கள் லேனில் 5025 போர்ட்டை நேராகத் திறந்து (இதைத்தான் வெறும் சாக்கெட் என்பார்கள்) பேசுகிறீர்கள் என்றால் அந்தக் காவல் இல்லை, பதில்கள் வரிசையாகத் தேங்கி நிற்கும். டைம்அவுட் ஆன உடனே ஜிபிஐபி, யுஎஸ்பி, அல்லது லேன் வழியாகக் கருவியோடு பேசும் விஎக்ஸ்ஐ-11, ஹைஸ்லிப் நெறிமுறைகள் இவற்றில் 'கிளியர்' கொடுங்கள். வெறும் சாக்கெட் என்றால் இணைப்பை மூடிவிட்டுத் திரும்பத் திறங்கள். அந்த போர்டை மீண்டும் அளக்காமல் முடிவு எழுதாதீர்கள்.

ஸ்பெக்ட்ரம் அனலைசரின் கதை கொஞ்சம் வேறு. அது இயக்கியதுமே தொடர் ஸ்வீப்பில் ஓடும். அந்த நிலையில் மார்க்கர் (திரையில் ஒரு புள்ளியைக் குறிக்கும் குறி) மதிப்பைக் கேட்டால் அந்த நிமிடம் திரையில் இருப்பதைக் கொடுக்கும், டிரேஸின் (திரையில் வரையப்படும் கோட்டின்) இடப்பக்கம் புதிய போர்டு, வலப்பக்கம் பழைய போர்டு என்றுகூட இருக்கலாம். முதலில் 'இனிஷியேட் கன்டினியூவஸ்' ஆஃப். பிறகு 'இனிஷியேட்', கூடவே வேலை முடிந்ததா என்று கேட்கும் '*ஓபிசி?'. ஸ்வீப் முடிந்ததும் 1 என்று பதில் வரும். அதற்குப் பிறகுதான் மார்க்கரை உச்சிக்கு நகர்த்தி மதிப்பைக் கேட்க வேண்டும். தொடர் ஸ்வீப்பை நிறுத்தாமல் ஓபிசி கேட்பதால் பயனில்லை. ஸ்வீப் மிக நீளமானது என்றால் கேள்விக்குறி இல்லாத '*ஓபிசி' அனுப்பிவிட்டு கருவியின் நிலையைச் சொல்லும் நிலை பைட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், எதற்குக் கூப்பிட வேண்டும் என்று அமைக்கும் '*இஎஸ்இ 1', '*எஸ்ஆர்இ 32' வைத்தால் முடிந்ததும் கருவியே கூப்பிடும்.

டிரேஸ் முழுவதையும் எடுக்கிறீர்கள் என்றால் எழுத்து வடிவத்தை விட்டுவிட்டு 32 பிட் பைனரி கேளுங்கள், வேகம் கண்கூடாகத் தெரியும். 1001 புள்ளிக்கு 4004 பைட், பதில் #44004 என்று தொடங்கும்: முதல் 4, நீளத்தைச் சொல்ல எத்தனை இலக்கம் என்பதற்கு, மீதி நீளம். பைட் வரிசை கருவிக்குக் கருவி மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். பைனரிக்குள் 10 என்ற பைட் எங்கும் வரலாம், அதை வரி முடிவு என்று எண்ணி நிறுத்திவிடாதபடி முடிவுக்குறியை அணைத்துவிட வேண்டும்.

வந்த எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. 9.9×10^37 என்றால் அளவு மீறிவிட்டது, 9.91×10^37 என்றால் மதிப்பே இல்லை. கருவிகள் இவற்றையும் சாதாரண எண்போலவே அனுப்பும். கீழ் எல்லை மட்டும் பார்க்கும் ஸ்க்ரிப்டில் இது பாஸ் ஆகிவிடும், ஷிஃப்டின் சராசரியையும் சீரழித்துவிடும். ஃபெட்ச் கேட்டு -230 வந்தால் உள்ளே செல்லுபடியாகும் அளவீடு இல்லை என்று பொருள். -420 வந்தால் கேள்வியே கேட்காமல் பதில் வாங்கப் பார்த்திருக்கிறீர்கள். 'சிஸ்டம் எரர்?' என்று ஒரு முறை கேட்டால் ஒரு பிழைதான் வரும், 0 வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஒவ்வொரு போர்டுக்கும் கடைசியில் இதைச் செய்து, சீரியல் எண்ணோடு சேர்த்துப் பதிவில் எழுதுங்கள். அந்த அரை நொடியை மிச்சப்படுத்தச் சொல்லி உங்களிடம் கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

நாளை காலை ஷிஃப்டுக்குப் போனதும் ஸ்க்ரிப்டைத் தொடும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மல்டிமீட்டரில் 100 பிஎல்சி வைத்து, டைம்அவுட்டை 1 விநாடிக்குக் குறைத்து, முதலில் 5 வோல்ட், அடுத்து 3 வோல்ட், அடுத்து 1 வோல்ட் கொடுங்கள். பதில் ஒரு படி பின்னால் வந்தால் உங்கள் பழைய ரீடிங் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். பின்னால் வரவில்லை என்றால் ஸ்க்ரிப்டில் ரீட் இருக்க வேண்டிய இடத்தில் ஃபெட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். எது என்று இங்கே எழுதுங்கள், அடுத்ததைச் சேர்ந்து பார்க்கலாம்.