பின்னால் இல்லாத ஸ்பீக்கர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பதினாலாயிரம் கொடுத்து 'வர்ச்சுவல் 5.1' சவுண்ட்பார் வாங்கினேன். கடையில் முதுகுக்குப் பின்னால் ஹெலிகாப்டர் பறந்தது. வீட்டில் எல்லாமே டிவி பக்கமிருந்துதான் வருகிறது. ஏமாந்துவிட்டேனா? (காட்பாடி வாசகர்)

பதில்: உங்களைப் பாதி ஏமாற்றியிருக்கிறார்கள். 5.1 என்றால் முன்னாலும் பின்னாலுமாக ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு பெட்டி. 'வர்ச்சுவல்' என்றால் பின்னால் ஸ்பீக்கரே இல்லாமல், டிவிக்குக் கீழே வைக்கும் நீளப் பெட்டியான சவுண்ட்பாரே அந்தப் பிரமையை உண்டாக்குவது. இந்த 'வர்ச்சுவல்' விஷயத்தில் எனக்கு ரொம்ப நாள் கோபம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வலப்பக்கத்துச் சத்தம் வலது காதில் முதலில் விழும், பலமாகவும் விழும். இடது காதுக்கு மிஞ்சிப்போனால் 0.7 மில்லி செகண்ட் போலத் தாமதம். இந்தத் துளி வித்தியாசத்தில் மூளை பக்கத்தைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் நேர் முன்னாலிருந்தும் நேர் பின்னாலிருந்தும் வரும் சத்தம் இரண்டு காதையும் ஒரே நேரத்தில்தான் தொடும். அங்கே கைகொடுப்பது காது மடலின் வளைவும், நாம் அறியாமலே தலையைத் திருப்புவதும்தான். வீட்டில் யாரையாவது கண்ணை மூடித் தலையை ஆட்டாமல் உட்காரச் சொல்லுங்கள். செல்போனில் சீரான பீப் ஒன்றை வைத்து மூக்குக்கு நேரே ஒரு தடவை, பிடரிக்கு நேரே ஒரு தடவை பிடியுங்கள். முன்னாலா பின்னாலா என்று தடுமாறுவார்கள்.

பின்னாலிருந்து வந்தால் காதில் எப்படி விழுமோ அப்படி ஒலியைத் திருத்தி, முன்னாலிருந்தே அனுப்புகிறது சவுண்ட்பார். அதற்கான அளவைப் பெரும்பாலும் பொம்மைத் தலையின் காதில் மைக் வைத்து எடுப்பார்கள். உங்கள் காது மடல் வேறு. இடது பக்க ஒலி வலது காதிலும் விழுமே, அதை அடக்க எதிர் ஒலியும் சேர்த்து அனுப்ப வேண்டும். நட்டநடு இருக்கையில்தான் அது சரியாக அடங்கும். அரை அடி நகர்ந்தாலே போச்சு. கடைக்காரர் உங்களை உட்கார வைத்த நாற்காலி அந்த இடம்தான்! வீட்டில் சோபா சுவரோரம் இருக்கும், நாலு பேர் உட்காருவார்கள், டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். இதே பேச்சை நம்பி நான் வாங்கிய ஒன்று இப்போது செய்தி கேட்கத்தான் பயன்படுகிறது.

பெட்டியில் 'வர்ச்சுவல்' என்று இருப்பதால் புகார் நிற்பது கடினம். பின்னால் ஸ்பீக்கர் உண்டு என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். நிஜமாகவே பின்னால் சத்தம் வேண்டுமென்றால் பின்னால் ஸ்பீக்கர் வைப்பதுதான் வழி.

கேள்வி: எங்கள் வீடு ஓட்டு வீடு. கூரையில் மோதி மேலிருந்து சத்தம் வரும் என்கிற அட்மாஸ் செட் வாங்கலாமா? (குடியாத்தம்)

பதில்: வேண்டாம். அதற்குத் தட்டையான, கெட்டியான கூரை வேண்டும்.

கேள்வி: புதிதாக மாட்டிய இரண்டு ஸ்பீக்கரில் பாடுகிறவர் குரல் நடுவில் நிற்கவே மாட்டேன் என்கிறது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, பேஸும் இல்லை. (வாலாஜாபேட்டை)

பதில்: ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் மாறியிருக்கும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு அந்த ஒன்றில் மட்டும் மாற்றிப் போடுங்கள். அப்புறம் இரண்டுக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். ஒரு பக்கம் ஓர் அடி நெருங்கினாலே அந்த ஒலி ஒரு மில்லி செகண்ட் போல முந்திவிடும். முந்தி வந்த பக்கத்தையே மூளை நம்பும், குரல் அங்கே ஓடிவிடும்.

கேள்வி: ஆன்லைனில் '5000 வாட்ஸ் பிஎம்பிஓ' பார்த்து வாங்கினேன். எட்டு மாதம் ஆச்சு, சத்தமே பத்தவில்லை. பில்லைத் தேடினால் கிடைக்கவில்லை. திருப்பித் தர முடியுமா? (ராணிப்பேட்டை)

பதில்: முடியாது. பிஎம்பிஓ என்பது ஒரு கண நேர உச்சத்தை ஊதிக் காட்டும் விளம்பரக் கணக்கு. வாங்குமுன் ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, எவ்வளவு என்று பார்க்கச் சொல்லி எத்தனை தடவைதான் எழுதுவது? பில் உங்கள் ஆர்டர் பக்கத்திலேயே இருக்கும், அதையாவது இறக்கி வையுங்கள்.

கேள்வி: ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். தீபாவளி போனஸில் வாங்கிய ஹோம் தியேட்டரில் பின் பக்க ஸ்பீக்கர் ஒன்று முதல் நாளே பேசவில்லை. போய்ச் சொன்னால் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லைக் காட்டி, எல்லார் எதிரிலும் விரட்டிவிட்டார்கள். (ஆம்பூர்)

பதில்: அந்த வரிக்குப் பயப்படாதீர்கள் தம்பி. பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஸ்பீக்கர் ஊமையாக இருப்பதை வீடியோ எடுங்கள். கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கடிதம் எழுதத் தடுமாறினால் பில் நகலோடு எனக்கு அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன்.