பியானோவை மூடிவிட்டு இசை வரலாறா?

கேள்வி: பாளையங்கோட்டையில் வீட்டிலேயே பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். கிரேடு பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள். விரல் நன்றாக ஓடுகிறது. பாக் யார், மோட்ஸார்ட் யார் என்று கேட்டால் முழிக்கிறார்கள். அதனால் சீட்டு விளையாட்டு ஒன்று தயார் செய்தேன். ஒரு சீட்டில் பெயர், இன்னொன்றில் பிறந்த வருடம்; ஜோடி சேர்த்தால் சாக்லேட். ஆரம்பத்தில் ஆர்வமாக ஆடினார்கள், இப்போது அதிலும் சலிப்பு. ஹாலில் மாமியார் (ஒரு காலத்தில் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர்) படுத்திருப்பார் என்பதால், பாடம் முடிந்ததும் பியானோவை மூடிவிட்டு உள்ளறையில் சத்தமில்லாமல்தான் ஆட வைக்கிறேன். வேறு என்ன விளையாட்டு வைக்கலாம்?
– ஒரு பியானோ டீச்சர்

பதில்: விளையாட்டுக்கு என்ன பஞ்சம்? சொல்கிறேன். முதலில் அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன்.

சர்ச்சில் ஆர்கன் வாசித்த மனுஷியை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு இசை வரலாறு ஏறவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். சத்தம் வேண்டாம் என்று அவர் சொன்னாரா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. பிள்ளைகள் தப்பும் தவறுமாக ஸ்கேல் தட்டுவதைச் சாயங்காலம் முழுக்கக் காதில் வாங்கிக்கொண்டு கிடப்பவருக்கு, பாக் கேட்டால்தான் தொந்தரவாகிவிடுமா? வேளாவேளைக்குக் கஞ்சியும் மாத்திரையும் கொடுத்துவிட்டால் பெரியவர்களுக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்று நினைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. உங்கள் வீட்டில் அவருக்கு வேலை இருக்கிறது. நீங்கள்தான் கொடுக்கவில்லை.

சீட்டுக்கட்டு சலித்ததற்கும் காரணம் இதுதான். பியானோவை மூடிவிட்டு ஆடினால் 1685 என்பது பஸ் நம்பர் மாதிரி வெறும் எண். பாக், ஹாண்டல் இருவரும் அந்த வருடத்தில்தான் பிறந்தார்கள். இசையைக் கேட்காத பிள்ளைக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

மாமியாரிடம் போய், பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு 'இரத்தம் காயம் குத்தும்' பாட்டை வாசித்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். வாசிக்காமல் இருந்திருக்க மாட்டார். அந்த மெட்டு, 1601-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் வெளியிட்ட ஒரு காதல் பாட்டினுடையது. துள்ளல் நடை. பிறகுதான் நம் தமிழ்ப் பாட்டுக்கு மூலமான பால் கெர்ஹார்ட்டின் ஜெர்மன் ஞானப்பாட்டுக்கு வந்து சேர்ந்தது. பாக் அதை எடுத்து, இயேசுவின் சிலுவைப்பாடுகளைச் சொல்லும் 'மத்தேயு பாடுகள்' இசையில் ஐந்து முறை வைத்தார். இயேசு உயிர்விட்டதும் கடைசி முறையாக வரும். மெட்டு அதேதான், அடியில் ஓடும் ஹார்மனி (துணைச் சுரங்கள்) வேறாகிவிடும். 1727-ல் லைப்சிக்கில் ஒலித்த அந்த இசை, பாக் இறந்த பிறகு கிடப்பில் கிடந்தது. 1829-ல் பெர்லினில் அதை மறுபடி மேடையேற்றிய இசையமைப்பாளர் மெண்டல்ஸனுக்கு அப்போது வயது 20. உங்களுக்கு இதிலேயே மூன்று நான்கு சீட்டு தேறும்.

ஆட்டம் இப்படி. மாமியார் அந்த மெட்டை ஒரு முறை இழுத்து வாசிக்கட்டும், ஒரு முறை துள்ளலாக. எது ஹாஸ்லர், எது பாக் என்று பிள்ளைகள் சொல்லட்டும். சொன்ன பிறகுதான் சீட்டு கைக்கு வரவேண்டும். அவருக்கு விரல் மடங்கவில்லை என்றால் பாடட்டும், நீங்கள் வாசியுங்கள். தீர்ப்பு மட்டும் அவருடையது.

இன்னொன்றுக்கு ஒரு துப்பட்டா கிழித்தால் போதும். மோட்ஸார்ட்டின் பியானோவில் 61 கட்டைதான். உங்கள் 88-ல் இடப்பக்கம் 8, வலப்பக்கம் 19 கட்டைகளைத் துணி போட்டு மூடிவிட்டு மோட்ஸார்ட் வாசிக்கச் சொல்லுங்கள், ஒன்றும் குறையாது. அப்படியே, மோட்ஸார்ட்டுக்குப் பின்னால் வந்த ஷோப்பானை எடுத்தால் பல இடங்களில் கை துணியில் போய் இடிக்கும். பியானோ ஏன் வளர்ந்தது என்று பிள்ளைகளே கேட்பார்கள். (வீட்டில் 61 கட்டை கீபோர்டுதான் இருக்கிறது என்று கூச்சப்படும் பெற்றோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.)

சாக்லேட்டை நிறுத்துங்கள். படிப்பதற்குக் கூலி கொடுத்துப் பழக்கினால், நாளைக்கு ரேட்டை ஏற்றுவார்கள்.

கடைசியாக, கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், உங்கள் வீட்டுக்காரரைக் காணோம். அவருடைய அம்மாதானே? அடுத்த வகுப்புக்குள் கட்டிலைப் பியானோ பக்கமாக இழுத்துப் போடுகிற வேலையை அவரிடம் கொடுங்கள்.