விண்வெளிக் கோடைப் பயிற்சிக்குப் பணியாளர்கள் முன்கூட்டியே வருவது ஏன்?

சர்வதேச விண்வெளிப் பல்கலைக்கழகம் 1988 முதல் நடத்திவரும் கோடைக்காலப் பயிற்சிக்கு, பங்கேற்பாளர்கள் வருமுன்பே பணியாளர்கள் கூடி, வகுப்பறை, தங்குமிடம், கால அட்டவணை ஆகியவற்றை ஆயத்தம் செய்வதே முன்னேற்பாடு எனப்படுகிறது.

பல்கலைக்கழகத்தின் தலைமையகம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் பகுதியில் இருந்தாலும், 2016-இல் இஸ்ரேலின் ஹைஃபா, 2017-இல் அயர்லாந்தின் கார்க் எனப் பயிற்சி ஊர் மாறிக்கொண்டே இருப்பதால், சென்ற ஆண்டின் ஏற்பாடுகள் அப்படியே உதவுவதில்லை. வாடகை மண்டபத்தில் திருமணம் நடத்துவோர் முதல் நாளே சென்று, அடுப்பு எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதைப் போன்றது இது. ஆனால் இந்தத் திருமணம் ஏறத்தாழ இரண்டு மாதம் நடக்கும். பொறியாளரும் மருத்துவரும் சட்டம் படித்தவரும் ஒரே குழுவில் அமர்வதால், அனைவருக்கும் பொதுவான பாட வரிசையை அமைப்பதுதான் இதில் கடினமான வேலை என்பேன்.

இது விண்வெளி வீரர்களை உருவாக்கும் பயிற்சி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது விண்வெளித் துறையின் பல பிரிவுகளையும் கற்பிக்கும் கல்வித் திட்டம்.